குளிரா ஒரு சோடா இருக்கோ?

இலங்கையின் வடக்கே, வன்னியில், மாங்குளம் சந்தியில் இருந்து ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பும் வீதியில் எனக்குப் பழக்கமான ஒரு கடை இருக்கிறது. தகரக் கூரை, முன்னால் ஒரு வாங்கு, உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பிரிட்ஜ். பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் அந்த வாங்கில் இருந்தபோது, மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பெடியன் இறங்காமலே கேட்டான்.

"அண்ணை, குளிரா ஒரு சோடா இருக்கோ?"

"சோடா இருக்கு தம்பி. கரண்ட் போய் மூண்டு மணித்தியாலம். குளிர் இல்லை."

"அப்ப வேண்டாம்." கொஞ்சம் யோசித்தான். "ஒரு பிளேன்டீ போடுங்கோ அண்ணை."

தார் உருகுகிற வெயிலில் சோடா கேட்டு வந்தவன், ஆவி பறக்கும் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துவிட்டுப் போனான். கடையில் சோடா இருந்தது. அவனிடம் தாகம் இருந்தது, காசும் இருந்தது. சோடா வியாபாரம் மட்டும் நடக்கவில்லை.

உயர்தரத்தில் பொருளியல் படித்தவர்களுக்கு 'கேள்வி' என்ற சொல் ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இதையே 'தேவை' என்று எழுதுவார்கள். ஒரு பொருள் வேண்டும் என்ற ஆசை மட்டும் கேள்வி ஆகாது. வாங்கக் கையில் காசு இருக்கவேண்டும், அந்த விலைக்கு அந்தக் காசைக் கொடுக்க மனமும் இருக்கவேண்டும். கனடாவில் வீடு வாங்க ஆசை எங்கள் ஊரில் பலருக்கு இருக்கிறது. அதைக் கேள்வி என்று எந்த ஆசிரியரும் எழுதித் தரமாட்டார். சரி, இந்தப் பெடியனுக்கு மூன்றும் இருந்ததே, பிறகு ஏன் வாங்கவில்லை?

அவன் கேட்ட பண்டம் கடையில் இல்லை. சூடான சோடாவும் குளிர்ந்த சோடாவும் ஒரே போத்தல், ஒரே லேபிள், ஒரே விலை. ஆனாலும் சந்தையில் அவை இரண்டு வேறு பண்டங்கள். முல்லைத்தீவுக் கரையில் காலை ஏழு மணிக்குக் கிடைக்கும் மீனும், அதே மீன் பின்னேரம் மூன்று மணிக்கு மல்லாவியில் கிடைப்பதும் ஒன்றா? மீன் வாங்கும் எவரும் ஒன்று என்று சொல்லமாட்டார். எங்கே கிடைக்கிறது, எப்போது கிடைக்கிறது, எந்த நிலையில் கிடைக்கிறது என்பதெல்லாம் பண்டத்தின் பாகங்கள்தான்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், எங்களைப் போன்ற வளர்ந்துவரும் நாடுகளில் மென்பானச் சந்தை எப்படி நகர்கிறது என்பதில் பாதி விளங்கிவிடும். வருமானம் கூடினால் சோடா விற்பனையும் கூடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிழையான பேச்சில்லை. ஆனால் வருமானத்துக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு மின்கம்பி, ஒரு வீதி, ஒரு போத்தல் இருக்கின்றன. பெரிய நகரத்தில் பிறந்தவர்களுக்கு இவை கண்ணில் படுவதில்லை. வன்னியில் அவை ஒவ்வொன்றாக, எங்கள் காலத்திலேயே வந்து சேர்ந்ததால் எங்களுக்குப் படுகிறது.

முதலில் ஐஸ், பிறகு சோடா

இலங்கையில் சோடா என்றால் பலருக்கும் முதலில் வாயில் வருவது எலிபன்ட் ஹவுஸ். 1866ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் அந்த நிறுவனத்தின் வேர், கொழும்பு ஐஸ் கொம்பனி. பெயரிலேயே இருக்கிறது: அவர்கள் முதலில் விற்றது ஐஸ். நெக்டோவும் கிறீம் சோடாவும் ஜிஞ்சர் பியரும் பிறகு வந்தவை. இந்த வரிசை தற்செயலாக அமைந்திருக்கலாம். ஆனாலும் ஒரு வெப்பநாட்டில் மென்பான வியாபாரம் எந்தப் பக்கத்தால் தொடங்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் 1923இல் கொக்காகோலாவின் தலைவராக வந்த ரொபர்ட் வுட்ரஃப், ஆசை எழும் கணத்தில் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்று சொல்வாராம். அந்தக் கொம்பனியின் கொள்கையே அதுதான் என்பார்கள். கைக்கெட்டும் தூரம் என்றால் அங்கே தெருவுக்குத் தெரு குளிர்ப்பெட்டி. இங்கே யுத்த காலத்தில் வன்னியில் மின்கம்பமே இல்லை. வசதியுள்ள சில இடங்களில் ஜெனரேற்றர், மற்றவர்களுக்குக் குப்பிவிளக்கு. ஐஸ் வந்தால் அது மீனுக்கு. சோடா என்பது அலுமாரித் தட்டில் இருந்து தூசி தட்டி எடுத்துத் தருவது. போத்தலை ஈரச்சாக்கில் சுற்றி வைப்பார்கள், மண்பானைத் தண்ணிக்குள் இறக்கி வைப்பார்கள். தண்ணி ஆவியாகும்போது கொஞ்சம் சூட்டைக் கொண்டு போகும், அவ்வளவுதான். அதைக் குளிர் என்று சொன்னால் பெரிய மனசு வேண்டும்.

2009க்குப் பிறகு மின்கம்பம் ஊர் ஊராக வந்தது. கம்பம் வந்த சில மாதங்களில் அந்த ஊர்க் கடைக்குள் ஒரு கண்ணாடிக் கதவு பிரிட்ஜ் வந்து நிற்கும். அந்தப் பிரிட்ஜ் பெரும்பாலும் கடைக்காரருடையதாக இருக்காது என்பது பலருக்குத் தெரியாது. மென்பானக் கொம்பனிகள் அதைக் கடைக்குக் கொடுத்து வைப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். கொடுக்கும்போது ஒரு நிபந்தனையும் வரும்: எங்கள் போத்தல்களை மட்டும் வைக்கவேண்டும், இன்ன தட்டில் இன்ன சோடா, முன்வரிசை வெறுமையாக இருக்கக்கூடாது. கதவு கண்ணாடியில் இருப்பதற்கும் காரணம் உண்டு. இருட்டிய கடைக்குள் வெளிச்சத்தோடு நிற்கும் அந்தப் பெட்டிதான் கடையிலேயே பெரிய விளம்பரப் பலகை. அதற்கு எரியும் கரண்டுக்குக் காசு கட்டுவது கடைக்காரர்.

நிபந்தனை எழுத்தில் இருக்கும். கடை கடையாக இருக்கும். நான் சொன்ன அண்ணையின் பிரிட்ஜில் பின்வரிசையில் எப்போதும் இரண்டு தயிர்முட்டி உண்டு. அடியில் வீட்டு மீன். கொம்பனி ஆள் வருகிற நாளில் மட்டும் தயிர்முட்டி பக்கத்து வீட்டுக்கு விருந்தாடப் போய்விடும்.

இனிக் கரண்ட் கணக்கு. பொருளியலில் நிலையான செலவு என்று ஒன்று உண்டு. எவ்வளவு விற்றாலும், விற்காவிட்டாலும் மாறாத செலவு. பிரிட்ஜுக்குப் போகும் கரண்ட் ஏறக்குறைய அப்படித்தான். நாளைக்கு ஐந்து போத்தல் விற்றாலும் ஐம்பது விற்றாலும் மீற்றர் ஒரே மாதிரிச் சுற்றும். ஐம்பது விற்கும் கடையில் ஒரு போத்தலின் தலையில் சில ரூபா விழுகிறது என்றால், ஐந்து விற்கும் கடையில் அதன் பத்து மடங்கு விழும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் அதன் மேல் இன்னும் 66 வீதம். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால், 100 ரூபா பில் 290 ரூபாவாகிறது. சந்திக் கடை தாங்கியது. உள்ளூர் ஒழுங்கைக் கடைக்காரர் இரவில் பிரிட்ஜை நிறுத்தத் தொடங்கினார். இரவில் நிறுத்தினால் காலையில் குளிராது; குளிராவிட்டால் விற்காது; விற்காவிட்டால் பில் கட்ட முடியாது. சில கடைகளில் அந்தப் பெட்டி இப்போது பணிஸ் வைக்கும் அலுமாரி. எறும்பு ஏறாது, அது ஒரு வசதி.

சந்தை சுருங்கியது என்று கொழும்பில் யாராவது அறிக்கை எழுதினால், மக்களுக்குச் சோடாவில் ஆசை குறைந்துவிட்டது என்று ஒருவர் வாசிக்கக்கூடும். ஒழுங்கைக்குள் வந்து பார்த்தால் ஆசை அப்படியே இருக்கிறது, குளிர்தான் போயிருக்கிறது.

வீதியில் போகும் தண்ணி

சோடாவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணி. மிச்சம் சீனி, வாசம், நிறம், காற்று. அதனால்தான் பெரிய கொம்பனிகள் தண்ணியைக் கடல் கடந்து அனுப்புவதில்லை. சாறு மாதிரியான செறிந்த கலவையை அனுப்பி, அந்தந்த நாட்டிலேயே தண்ணியும் சீனியும் சேர்த்துப் போத்தலில் அடைப்பார்கள். இலங்கையில் கொக்காகோலா பியகமவில் அடைக்கப்படுகிறது. பெப்சியை இந்தியாவின் வருண் பெவரேஜஸ் நிறுவனத்தின் இலங்கைக் கிளை அடைக்கிறது.

அங்கிருந்து கிளிநொச்சிக்கு முன்னூறு கிலோமீற்றருக்கு மேல். பாரம் கூடின, பெறுமதி குறைந்த சாமான் இது. ஒரு லொறி சோடாவின் விலைக்கு ஒரு சின்ன வானில் கைத்தொலைபேசி கொண்டுவரலாம். அதனால் வீதி பழுதானால் முதலில் அடிபடும் சாமான்களில் சோடாவும் ஒன்று. 2002இல் சமாதான காலத்தில் வன்னிக்கூடாகப் போகும் ஏ9 பெருவீதி திறந்ததையும், 2006 ஓகஸ்ட்டில் அது மூடியதையும் கண்டவர்களுக்கு, வீதி என்பதும் பண்டத்தின் ஒரு பாகம் என்பதைப் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை.

போத்தல் செய்த வேலை

'சோடா உடைக்கிறது' என்று எங்கள் ஊரில் இன்னும் சொல்கிறோம். திருகித் திறக்கும் பிளாஸ்டிக் மூடிக்கும் அதே சொல்தான். அது கண்ணாடிப் போத்தல் காலத்துச் சொல். திறப்பானை மூடியில் கொளுவி நெம்பும்போது வரும் அந்த 'டப்' சத்தத்தில் பிறந்தது. கண்ணாடிப் போத்தலுக்கு ஒரு சட்டம் இருந்தது: வெறும் போத்தல் கடைக்குத் திரும்ப வரவேண்டும். கொண்டு போவதென்றால் முற்பணம் வைக்கவேண்டும், அல்லது வெறும் போத்தலோடு வரவேண்டும். அதனால் பெரும்பாலானோர் கடை வாசலிலேயே நின்று குடித்து முடித்தார்கள். சோடா கடையோடு ஒட்டிய ஒரு பழக்கமாக இருந்தது.

பிளாஸ்டிக் போத்தல் அந்தக் கயிற்றை அறுத்துவிட்டது. பஸ்ஸுக்குள் போகலாம், வயலுக்குப் போகலாம், பாதி குடித்து மூடி வைக்கலாம். ஒன்றரை லீற்றர் போத்தல் வீட்டுக்குள் வந்தது. வீட்டுக்குள் வந்ததும் குடிக்கும் ஆளும் மாறினார். முன்பு கடை வாசலில் நின்று குடித்தவர்களில் அநேகர் ஆண்கள். இப்போது சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளும் குடிக்கிறார்கள். சுவை மாறவில்லை, விலை பெரிதாக இறங்கவில்லை. அடைக்கும் பாத்திரம் மாறியதும் பழக்கம் மாறியது. அந்த வெறும் போத்தல்கள் இப்போது வாய்க்கால் கரையில் கிடப்பதைப் பற்றி எழுதினால் அது வேறு கட்டுரையாகிவிடும்.

சரி, அளவும் விலையும். பெரிய போத்தல் வாங்கினால் ஒரு மிடறு மலிவு என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கணக்குக்காக, கால் லீற்றர் 100 ரூபா, ஒன்றரை லீற்றர் 400 ரூபா என்று வைப்போம். ஒன்றரை லீற்றரைக் கால் கால் லீற்றராக வாங்கினால் 600 ரூபா போகும். அப்படியிருந்தும் காசு குறைந்தவர் சின்னதைத்தான் வாங்குவார். அவருக்குக் கணக்குத் தெரியாததால் என்று நினைத்தால், நாங்கள்தான் கணக்கில் பிழை விடுகிறோம். நாட்கூலிக்காரரின் கையில் இன்றைக்கு மிஞ்சுவது 100 ரூபா; 400 ரூபாவைச் சோடாவில் போட்டால் இரவுக்கு மா வாங்க முடியாது. அதோடு திறந்த பெரிய போத்தலை வைக்க வீட்டில் பிரிட்ஜ் வேண்டும். ஒரு நாள் வெளியே இருந்தால் காற்றுப் போய்ச் சீனித்தண்ணி. ஏழை சின்ன அளவில் கூடுதல் விலை கொடுப்பது சவர்க்காரத்தில், தேயிலையில், ஷாம்பு பைக்கற்றில், எல்லாவற்றிலும் நடக்கிறது. சோடாவும் அதே வரிசையில் நிற்கிறது.

கொம்பனிகள் இதைப் படித்து வைத்திருக்கின்றன. அதனால் வளர்ந்துவரும் நாடுகளில் அவர்கள் முதலில் தீர்மானிப்பது விலையை, அளவு பிறகு. ஒரே நோட்டில், அல்லது ஒரே நாணயக் குற்றியில் வாங்கக்கூடிய விலை எது? அந்த விலைக்கு எத்தனை மில்லிலீற்றர் அடைக்கலாம்? இந்தியாவில் 2003 வாக்கில் கொக்காகோலா 200 மில்லிலீற்றர் போத்தலை 5 ரூபாவுக்கு இறக்கியது அப்படித்தான். 2023இல் ரிலையன்ஸ், பழைய கம்பா கோலாவை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தபோது 200 மில்லிலீற்றரை 10 ரூபாவுக்கு வைத்து மற்றவர்களைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. இதற்கெல்லாம் பாட்டன் அமெரிக்காவிலேயே உண்டு. 1886இல் 5 சதத்துக்கு விற்கத் தொடங்கிய கொக்காகோலா, 1950களின் கடைசி வரை அந்த 5 சதத்திலேயே பிடிவாதமாக நின்றது. எழுபது ஆண்டுக்கு மேல். விற்பனை இயந்திரங்கள் 5 சதக் குற்றியை மட்டும் விழுங்கும்படி செய்யப்பட்டிருந்தன. விலையை அரைச் சதம் கூட்டினால் போடக் குற்றி கிடையாது.

எங்கள் ரூபாவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை பாய்ந்தது. அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 8 வீதத்தில் இருந்து படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18இல் நின்றது. ஒரு நோட்டு விலை என்பதைப் பிடித்து வைக்க எவராலும் முடியவில்லை. பழைய விலை லேபிளோடு ஒரு போத்தலும் புதிய விலையோடு ஒரு போத்தலும் ஒரே தட்டில் நின்ற நாட்கள் அவை. மிச்சக் காசுக்குப் பதில் ரொபி தருவது அப்போதுதான் கிட்டத்தட்ட அரச நாணயமாகியது.

யாரோடு போட்டி?

கொழும்பில் கேட்டால் கொக்காகோலாவுக்குப் போட்டி பெப்சி என்பார்கள். மாங்குளத்தில் அதற்குப் போட்டி பிளேன்டீ. இப்படி ஒன்றுக்குப் பதில் ஒன்றை வாங்கும் பொருட்களைப் பிரதியீட்டுப் பண்டங்கள் என்பார்கள். எது எதற்குப் பிரதி என்பதைக் கொம்பனி தீர்மானிப்பதில்லை, தாகம் தீர்மானிக்கிறது. இளநீர், மோர், தேசிக்காய்த் தண்ணி, நன்னாரிச் சர்பத், கோடையில் வத்தகைப்பழக் கீலம், பனங்காட்டுப் பக்கம் கருப்பநீர், தோலகட்டி ஆச்சிரமத்து நெல்லிரசம் என்று வரிசை நீளமானது. இவற்றில் பல எந்தச் சந்தை அறிக்கையிலும் எண்ணப்படுவதில்லை, ஏனென்றால் பார்கோட் இல்லை.

காசே கேட்காத போட்டியாளரும் உண்டு. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குப் போகும் வழி நெடுகத் தாகசாந்திப் பந்தல்கள். மோரும் சர்பத்தும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். விலை பூச்சியம் என்றால் பக்கத்துச் சோடாக் கடை படுத்துவிட வேண்டுமே? படுப்பதில்லை. பந்தலில் மோர் குடித்த பிள்ளை நாலு அடி தள்ளிப் போய்ச் சிவப்புச் சோடா கேட்டு அழும். தாகம் மோரில் அடங்கிவிட்டது; பிள்ளை கேட்பது திருவிழாவை. அந்த நேரம் சோடாவுக்குப் பிரதி மோர் இல்லை, ஐஸ்பழமும் காற்றூதிப் பந்தும்தான்.

விலை கூடினால் விற்பனை எவ்வளவு குறையும் என்பதற்குக் 'கேள்வி நெகிழ்ச்சி' என்று பெயர். விலை 10 வீதம் கூடி விற்பனை 20 வீதம் விழுந்தால் நெகிழ்ச்சி கூடியது. 2 வீதம் மட்டும் விழுந்தால் குறைந்தது. அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் இரண்டாவது வகை. சோடா முதல் வகை என்று புத்தகம் சொல்லும். ஆனால் அதே சோடா, அதே ஆள், நாளைப் பொறுத்து மாறுவார். புதன்கிழமை மத்தியானம் 20 ரூபா கூடியதற்காகச் சோடாவை விட்டுத் தேத்தண்ணி குடிக்கும் மனிதர், தன் மகளின் சாமத்தியவீட்டுக்குப் பத்துக் கேஸ் எடுக்கும்போது விலையைக் கேட்பதுகூட இல்லை.

அதற்குப் பணம் எப்போது வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். வன்னியில் மாதச் சம்பளக்காரர் குறைவு, போகத்துக்குப் போகம் காசு காண்பவர் கூட. காலபோக அருவி வெட்டு, அதாவது மழைக்கால நெல் அறுவடை, மாசி, பங்குனியில் முடியும். நெல் விற்ற காசும் வெயிலும் ஒரே நேரத்தில் வந்து சேரும். வயல் கரையில் வெட்டு மெசின்காரருக்குப் பணிஸும் சோடாவும் கொண்டுபோய்க் கொடுப்பது அநேகமாக எழுதப்படாத ஒப்பந்தம். சூடான சோடா கொண்டுபோனால் முகம் சுருங்கும், அடுத்த வயலுக்கு மெசின் கொஞ்சம் கெதியாய்ப் போய்விடும். கார்த்திகை, மார்கழி மழையில் அதே கடையில் கேஸ் அசையாது. கையிலும் காசு இருக்காது, நெல்லும் வயலில் நிற்கும்.

வந்தவருக்கு ஒரு சோடா

எங்கள் பக்கத்தில் சோடாவின் முதல் வேலை தாகம் தீர்ப்பதில்லை என்று நான் நினைக்கிறேன். அது மரியாதை. படலையில் ஆள் வந்து நின்றதும் அம்மா கண்ணைக் காட்ட, பின்வேலியால் ஒரு பிள்ளை கடைக்கு ஓடும். "மாமா வந்திருக்கிறார், அம்மா ஒரு பெரிய சோடா தரட்டாம், கொப்பியில எழுதட்டாம்." வந்தவர் "ஐயோ, ஏன் அக்கா வீண் செலவு" என்பார், பாதி குடித்து மீதியை வைப்பார். மீதிக்கு வீட்டில் மூன்று சோடிக் கண்கள் காத்திருக்கும். முழுவதையும் குடித்துவிட்டுப் போகும் விருந்தாளியைப் பற்றிப் பிள்ளைகள் மத்தியில் நல்ல பேர் இருக்காது. ஆசுபத்திரியில் நோயாளி பார்க்கப் போனால் தோடம்பழமும் சோடாவும். வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது என்றால் இஞ்சிச் சோடா. வீட்டுக்கு என்று வாங்குவதைவிட வந்தவருக்கு என்று வாங்கியதே பல வீடுகளில் கூட.

கொப்பியைக் கவனியுங்கள். கடன் கொப்பி இல்லாமல் கிராமத்துச் சோடாச் சந்தை நடக்காது. கொம்பனி கடைக்காரருக்குக் கடன் கொடுக்க யோசிக்கும். கடைக்காரர் ஊருக்கே கொடுப்பார். அறுவடை மட்டும் பொறுக்கும் அந்தக் கொப்பிக்கு வட்டி இல்லை, ஆனால் வேறு கடையில் சாமான் வாங்கினால் அவர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அது வட்டிதான்.

சீனியும் மூன்று நிறமும்

2016 ஓகஸ்ட்டில் இருந்து இலங்கையில் மென்பானப் போத்தலில் ஒரு நிற வட்டம் இருக்கவேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. 2017 நவம்பரில் சீனிக்கே வரி வந்தது: ஒரு கிராமுக்கு 50 சதம். சின்ன வரி போலத் தெரியும். 400 மில்லிலீற்றர் போத்தலில் 100க்கு 10 கிராம் என்று வைத்தால் 40 கிராம், அதாவது 20 ரூபா வரி. அந்த நாளில் அது ஒரு போத்தல் விலையில் நன்றாகத் தெரிந்த பங்கு. பிறகு வரியைக் குறைத்தார்கள்.

போத்தல் அளவுக்கு அல்லாமல் சீனி அளவுக்கு வரி போடுவதில் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. லீற்றருக்கு வரி என்றால் கொம்பனி விலையைக் கூட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். மெக்சிக்கோ 2014இல் போட்டது லீற்றருக்கு ஒரு பெசோ. கிராமுக்கு வரி என்றால், கொம்பனி தன் வரியைக் குறைக்கச் சீனியைக் குறைக்கும். நிற வட்டமும் அப்படியே. 11க்கு மேல் இருப்பதை 10.9க்கு இறக்கினால் சிவப்பு செம்மஞ்சளாகிவிடும். மாற்றம் வாங்குபவருக்குள் நடப்பதைவிட, பானம் கலக்கும் தொட்டிக்குள்தான் கூட நடக்கும். கடையில் எவரும் வட்டத்தைப் பார்த்துப் போத்தலைத் திருப்பி வைத்ததை நான் கண்டதில்லை.

அந்த 40 கிராம் எவ்வளவு என்று தெரிய ஆசை என்றால் வீட்டில் ஒரு தேக்கரண்டியால் அளந்து பாருங்கள், எட்டுக் கரண்டிக்கு மேல் போகும். உலக சுகாதார நிறுவனம், வளர்ந்த ஒருவர் நாள் முழுக்க எடுக்கும் சேர்த்த சீனியை 50 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது, முடிந்தால் 25. இதில் எங்கள் தேத்தண்ணியும் நிரபராதி இல்லை. மூன்று கரண்டி போட்டு நாளைக்கு நாலு முறை குடிப்பவர், பேரனின் கையில் சோடாவைக் கண்டு ஏசுவதை நான் சிரிக்காமல் கேட்கப் பழகிவிட்டேன்.

தண்ணிக்கே காசு

கொம்பனிகள் இப்போது சீனி இல்லாத பானம், சக்திப் பானம் என்று பல பக்கம் ஓடுகின்றன. கச்சேரி (அரச அலுவலக) வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் இளைஞர்களிடம் அந்தச் சின்ன டின் எடுபடுகிறது. ஆனால் வன்னியில் நான் கண்ட பெரிய மாற்றம் இவை எதுவும் இல்லை. அது தண்ணி. வவுனியாவிலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் சிறுநீரக நோயும், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் கிணற்றுத் தண்ணியும் மக்களைப் பயப்படுத்தி வைத்திருக்கின்றன. சுத்திகரிப்பு நிலையங்களில் கான் கானாக நிரப்பிச் சைக்கிள் காரியரில் கட்டிக்கொண்டு போவது இன்றைக்குச் சாதாரணக் காட்சி. போத்தல் தண்ணி, ஒரு தலைமுறைக்கு முன் கேட்டால் சிரிப்பு வந்திருக்கும் சாமான்.

தண்ணிக்குக் கொடுக்கும் காசும் சோடாவுக்குக் கொடுக்கும் காசும் ஒரே சட்டைப் பையில் இருந்துதான் வருகின்றன. தண்ணியை விட முடியாது, அதன் நெகிழ்ச்சி குறைவு. விடக்கூடியது சோடா. பஸ் தரிப்பிடத்தில் நின்று பார்த்தால் தெரியும்: முன்பு இரண்டு பிள்ளைக்கு ஒரு சோடா வாங்கிய தாய், இப்போது ஒரு தண்ணிப் போத்தல் வாங்குகிறார். பிள்ளைகள் பிரிட்ஜைப் பார்த்தபடி அதைக் குடிக்கிறார்கள்.

அன்றைக்குக் கரண்ட் வந்தபோது நாலு மணி. பிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி, உறுமி, ஓடத் தொடங்கியது. உள்ளே வெளிச்சம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு ரியூசனுக்குப் போகிற பெட்டைகள் மூன்று பேர் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தார்கள். ஒருத்தி கதவைத் திறந்து, கையைத் திருப்பி, புறங்கையை ஒரு நெக்டோ போத்தலில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் குளிரேல்லை அண்ணை."

"அரை மணித்தியாலம் இருங்கோ பிள்ளை."

"வகுப்புத் தொடங்கீடும்."

கதவைச் சாத்திவிட்டு, மூன்று பேரும் காசைச் சேர்த்து ஒரு பைக்கற் கச்சான் வாங்கிக்கொண்டு போனார்கள்.